பிடிமண்ணும் ஊதுவத்திச் சாம்பலும்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து செல்லும் குடும்பம் தன்னோடு எதை எடுத்துச் செல்கிறது? பாத்திரம் பண்டங்கள் உண்டு, துணிமணிகள் உண்டு, பெரியவர்களின் படமும் ஒன்றிரண்டு இருக்கும். நம் தென் மாவட்டங்களில் இவற்றோடு இன்னொன்றும் சேரும். குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்து கொள்வார்கள். குடியேறிய ஊரில் அந்த மண்ணை இட்டு, அதன்மேல் பீடம் எழுப்பி, பழைய தெய்வத்தையே புதிய இடத்தில் வழிபடத் தொடங்குவார்கள். ‘பிடிமண்’ என்று இதற்குப் பெயர். சுடலைமாடனும் அய்யனாரும் ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கடல் கடந்து சென்ற சீனரிடமும் இதனை ஒத்த வழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் மண்ணை எடுப்பதில்லை, சாம்பலை எடுக்கிறார்கள். தாய்க்கோயிலின் தூபக் கலசத்தில் தலைமுறை தலைமுறையாக ஊதுவத்திகள் எரிந்து குவிந்த சாம்பலில் ஒரு பிடியை எடுத்துச் சென்று, புதிய கோயிலின் கலசத்தில் இடுவார்கள். ‘தூபம் பகிர்தல்’ என்பது அவர்கள் இதற்கு இட்ட பெயர். ஆண்டுகள் சில கழிந்ததும் கிளைக்கோயிலார் தம் தெய்வத்தைச் சுமந்துகொண்டு தாய்க்கோயிலுக்குச் சென்று வணங்கித் திரும்புவதும் உண்டு.

இவ்வாறு ஒரு பிடி சாம்பலின்மேல் எழுந்த சீனக் கோயில்கள், அயல்நாட்டில் வந்திறங்கிய ஏழைகளுக்கு என்ன செய்தன என்பதை ஆராய்வது, நாச்சாரத்தில் குடியேறி வாழும் நமக்குப் பயனற்ற செயல் ஆகாது.

வழிப்போக்கரின் விடுதி

சீனக் கோயில்களில் தாவோ நெறியும், பௌத்தமும், கன்பூசியரின் அறமும் ஒன்றோடொன்று கலந்தே காணப்படும். எனினும், ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவும் சடங்குகளும் பெரும்பாலும் தாவோ குருமார்களைச் சார்ந்தவை. ‘தாவோ’ என்றால் வழி என்பது பொருள். லாவோட்சு என்னும் ஞானியின் பெயரால் வழங்கும் சிறு நூல் இந்நெறியின் மூலநூலாகப் போற்றப்படுகிறது. ஆனால் குருமாரும் அடியாரும் கொண்ட அமைப்பாக அது உருவானது, கி.பி. 142-இல் சாங் தாவ்லிங் என்பவர் ஸெச்சுவான் மலைப்பகுதியில் பெற்ற அருட்காட்சியிலிருந்து என்பது அவர்கள் மரபு. இவ்வியக்கத்தில் சேர்ந்த குடும்பங்கள் ஆளுக்கு ஐந்து மரக்கால் அளவு அரிசியைப் பொதுவுக்கு அளந்தன. அதனாலேயே ‘ஐந்து மரக்கால் அரிசி நெறி’ என்று உலகம் அதனை அழைத்தது.

அந்த அரிசி எங்கே போயிற்று? தாவ்லிங்கின் பேரன் சாங் லூ, வழி நெடுகிலும் இலவச விடுதிகளை அமைத்தார். நம் நாட்டுச் சத்திரங்களைப் போன்றவை அவை. வழிப்போக்கர் எவரும் அங்கே நுழைந்து, தொங்கவிட்டிருக்கும் இறைச்சியையும் வைத்திருக்கும் அரிசியையும் தம் பசிக்கு ஏற்ப எடுத்து உண்ணலாம். காவலாள் கிடையாது, அளவுக்கு மிஞ்சி எடுத்தவனைத் தெய்வம் நோய் தந்து தண்டிக்கும் என்ற நம்பிக்கையே காவல்! சீன வரலாற்றாசிரியர்கள் இச்செய்தியைப் பதிந்து வைத்துள்ளனர். ஊர் பெயர்ந்தவனின் பசியைத் தீர்ப்பதே இந்நெறியின் முதற் பணிகளுள் ஒன்றாக இருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஊரை ஆண்ட கோயில்

பிற்காலத்தில் சீனத்தின் ஊர்தோறும் கோயில் எழுந்தது. வயல் வரப்பில் மண்ணின் தெய்வத்துக்குச் சிறு மாடம்; நகரில் நகரக் காவல் தெய்வத்துக்குப் பெரிய ஆலயம். கோயில் விழாவுக்கு வீட்டுக்கு வீடு, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் திரட்டுவர். நம் ஊர்களில் கோயில் கொடைக்குப் பிரிக்கும் தலைக்கட்டு வரி நினைவுக்கு வருகிறதல்லவா? பணம் கொடுத்தவர் பெயரும் தொகையும் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்கப்படும். ஓராண்டுக்குக் கோயிற்பொறுப்பை ஏற்கும் ‘கலசத் தலைவ’ரைத் தெரிந்தெடுக்கும் முறையும் சுவையானது. பிறை வடிவான இரு மரத்துண்டுகளைத் தெய்வத்தின்முன் எறிந்து பார்ப்பர். எவர் பெயருக்குத் தொடர்ந்து மிகுதியான முறை இசைவு கிடைக்கிறதோ, அவரே அவ்வாண்டின் தலைவர். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலையிட்டு வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த நம் முன்னோர், கணக்குக் காட்டாதவனுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை என்று கல்லில் வெட்டி வைத்ததும் இங்கே ஒப்பிடத் தக்கது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘ஜியாவ்’ என்னும் பெருவேள்வி நடைபெறும். அப்போது தாவோ குரு வானுலக அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவார். அது நம் அரசாங்க அலுவலகத்துக்கு எழுதும் மனுவைப் போலவே ஆண்டு, மாதம், நாள், ஊர்ப்பெயர் ஆகியவற்றோடு தொடங்கும். வேள்வியில் பங்குகொண்ட குடும்பத் தலைவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இடம்பெறும். அதை உரக்கப் படித்துத் தீயிலிட்டு விண்ணுக்கு அனுப்புவர். தன் பெயர் அந்தப் பட்டியலில் ஒலிப்பதைக் கேட்டவன், ‘நானும் இவ்வூரான்’ என்று அறிந்து கொள்கிறான். ஊரார் என்பவர் யார் யார் என்பதை முடிவு செய்யும் பதிவேடு அது.

ஃபூஜியன் மாகாணத்தின் பூத்தியன் சமவெளியில் மூலான் அணை என்ற பழைய அணை ஒன்று இருக்கிறது. கி.பி. 1064-இல் சியன் என்னும் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் பொருளைக் கொட்டி அணை கட்டத் தொடங்கினாள். வெள்ளம் அதனை உடைத்தது. அவளும் அந்நீரிலேயே உயிர் துறந்தாள். பின்னர் 1083-இல் லீ ஹோங் என்பவர் அணையைக் கட்டி முடித்தார். அணையருகே அவ்விருவருக்கும் வழிபாடு நிகழ்வதோடு, அந்நீரால் விளையும் ஊர்கள் கோயில்களின் வழியே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. வாய்க்காலைத் தூர் வாரும் முறையும், விழா எடுக்கும் முறையும் ஒரே கூட்டத்தில் பேசப்பட்டன. தண்ணீரும் தெய்வமும் அங்கே வெவ்வேறு துறைகள் அல்ல.

கடலன்னையும் தமிழ் வணிகரும்

அதே பூத்தியன் பகுதியின் கரையோரத் தீவு மெய்சோ. அங்கே கி.பி. 960-இல் லின் குடும்பத்தில் பிறந்த பெண்ணொருத்தி, கடலில் தத்தளித்தவர்களைக் காத்தாள் என்றும், இளமையிலேயே 987-இல் மறைந்தாள் என்றும் கூறுவர். மறைந்தபின் அவளே மாசூ என்னும் கடல் தெய்வமானாள். மீனவரும் மாலுமியும் தொழுத அவளைப் பேரரசர்கள் பட்டங்கள் சூட்டிப் போற்றினர். தாவோ நெறியும் அவளைத் தன் தெய்வ வரிசையில் ஏற்றுக் கொண்டது. அருகிலுள்ள குவான்சோ துறைமுகத்தில் அவளுக்கு 1196-இல் கோயில் எழுந்தது.

அந்தக் குவான்சோ நகரம் தமிழருக்கும் அயலூரன்று. சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து சென்ற வணிகர் அங்கே வாழ்ந்தனர். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே திருக்கதலீச்சரம் என்ற சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்கிறது. அப்போது ஆண்டவன் மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கான். மாசூவின் ஊதுவத்தி மணந்த அதே நகரில் நம்மவர் விபூதியும் மணந்தது!

இன்று அக்கோயில் எங்கே? அதனைத் தாங்கிய கூட்டம் கலைந்த பின், கோயிலும் நிற்கவில்லை. செதுக்கிய தூண்களும் சிற்பங்களும் அந்நகரத்துக் கையுவான் பௌத்தப் பள்ளியிலும் பிற இடங்களிலும் சேர்ந்து விட்டன. சுற்றுப்புறச் சிற்றூர் ஒன்றில் அவ்வாறு மிஞ்சிய தெய்வச் சிலையைச் சீன மக்கள் தம் கருணைத் தேவியான குவான்யின்னாகவே கொண்டு வணங்கி வருகின்றனர். கல் பிழைத்தது, கட்டியவர்களின் பெயர் மறந்தது.

சீனரும் நம் பக்கம் வந்தனர். செங் ஹோ என்ற கடற்படைத் தலைவர் 1409-ஆம் ஆண்டிட்ட கல்வெட்டொன்றை இலங்கையில் நாட்டினார். 1911-இல் காலி நகரில் கிடைத்த அக்கல், கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கைகளைக் குறிக்கின்றன. செங் ஹோவின் மாலுமிகளோ கடலில் மாசூவை வேண்டியவர்கள். வந்த நாட்டின் தெய்வத்தை வணங்குவது தன் தெய்வத்தைத் துறப்பதாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மலாக்காவும் சிங்கப்பூரும்

வணிகத்துக்கும் கூலிக்கும் மலாய் நாடு சென்ற சீனரின் பழைய கோயில், மலாக்காவில் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த செங் ஹூன் தெங். அயல்நாட்டார் ஆட்சியில் ‘கப்பித்தான்’ என்னும் பட்டம் பெற்ற சீனத் தலைவர்கள் அக்கோயிலில் அமர்ந்தே தம் மக்களின் வழக்குகளைத் தீர்த்தனர். அவர்களுள் ஒருவரான லீ வெய் கிங், புக்கிட் சீனா என்ற குன்றை வாங்கிச் சீனருக்கு இடுகாடாக அளித்தார். உறவினர் இன்றி இறந்தவனுக்கும் அங்கே ஆறடி மண் உண்டு. அக்கோயிலிலிருந்து சில அடிகள் நடந்தால் மலாக்காத் தமிழ்ச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயிலையும், கம்போங் கிளிங் பள்ளிவாசலையும் காணலாம்.

சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதி இன்று கடலிலிருந்து விலகி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும்வரை அதுவே கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்காக முதலில் கைகூப்பிய இடம் அது. தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் அங்கே தர்கா எழுப்பினர். அதே வீதியில் ஹோக்கியன் சீனர் மாசூவுக்குத் தியன் ஹோக் கெங் என்ற ஆலயத்தை 1839-இல் தொடங்கி 1842-இல் முடித்தனர். தெய்வத் திருமேனி 1840-இல் சீனத்திலிருந்து கப்பலேறி வந்தது. பெருங்கொடை அளித்தவர் டான் டோக் செங். மலாக்காவில் பிறந்து, காய்கறி விற்று வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஏழைகளுக்காக அவர் கண்ட மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1850-இல் பொறித்த கல், கோயிலுக்கு ஈந்தோரின் பெயர்களை இன்றும் காட்டுகிறது.

அந்த ஆலயத்தின் உத்தரங்களை நிமிர்ந்து பார்த்தால், கூரையைத் தாங்குவது போல் செதுக்கிய இந்திய மனித உருவங்கள் தென்படும். கட்டட வேலையில் உதவிய சூலியா வீதி இந்தியத் தொழிலாளருக்குச் சீனச் சிற்பிகள் செலுத்திய நன்றி அது என்று சொல்வர். கோயிலின் பாரத்தை எவர் தாங்கினர் என்பதை உத்தரத்திலேயே எழுதி வைத்து விட்டனர்!

ஹோக்கியன் சங்கம் அக்கோயிலிலேயே வளர்ந்தது. 1906-இல் தாவ் நான் பள்ளியையும், 1915-இல் ஆலயத்தை அடுத்த மண்டபத்தில் சொங் ஹோக் பெண்கள் பள்ளியையும் அச்சமூகத்தார் தொடங்கினர். பின்னர், சீன மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று நன்யாங் பல்கலைக்கழகம் எழும்ப முனைந்தபோது, 523 ஏக்கர் நிலத்தை அச்சங்கம் அளித்தது. 1956-இல் வகுப்புகள் தொடங்கிய அப்பல்கலைக்கழகம் 1980-இல் மற்றொன்றோடு இணைக்கப்பட்டது. கடற்கரைக் குடிலில் ஏற்றிய ஊதுவத்தி, பல்கலைக்கழக வாயில்வரை வழி காட்டியது.

ஒற்றுமையின் மறுபக்கம்

கோயில்கள் நன்மையை மட்டுமே செய்தன என்றால் அது வரலாறு ஆகாது. ஹோக்கியன் மொழியாருக்கு ஒரு கோயில், தியோசூ மொழியாருக்கு வேறு கோயில், கான்டன் மொழியாருக்கு மற்றொன்று என்று பிரிந்தே அவை நின்றன. தன்னவனை அணைத்த கை, அடுத்தவனைத் தள்ளவும் செய்தது. 1854-இல் சிங்கப்பூரில் ஹோக்கியரும் தியோசூக்களும் மோதியதில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். 1867-இல் பினாங்கு நகரம் பத்து நாட்கள் கலவரத்தில் மூழ்கியது. மோதிய இரகசியச் சங்கங்களுள் ஒன்று ‘தோ பெக் கோங்’ என்று தெய்வத்தின் பெயரையே தாங்கியது! சீனரோடு இந்திய, மலாய் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்களும் இரு பக்கமும் சேர்ந்து நின்றன. சங்கம் என்பது கத்தியைப் போன்றது. காய் நறுக்கவும் ஆகும், கையை அறுக்கவும் ஆகும்.

நம் நாட்டுச் சீனர்

இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்கத்துக்கு வந்த ஆச்சி என்னும் சீனர், கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவினார். 1783-இல் அவர் இறந்தார். அவ்வூர் இன்றும் அவர் பெயரால் ஆச்சிப்பூர் எனப்படுகிறது. அங்குள்ள சிறு கோயிலில் வீற்றிருப்பவர்கள் மண்ணின் தெய்வமும் அவர் துணைவியுமே. ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டுக் காலத்தில் கல்கத்தாச் சீனர் அங்கே சென்று வழிபடுகின்றனர். நகரத்தின் திரேட்டா பஜார் பகுதியில் 1905-இல் எழுந்த சீ இப் கோயிலின் பெயருக்கு ‘நான்கு வட்டங்கள்’ என்று பொருள். கான்டன் நாட்டின் நான்கு வட்டத்தார் கூடிய சங்கமும் கோயிலும் அங்கே ஒன்றே.

1962-இல் சீனத்தோடு போர் மூண்டது. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சீனர் உட்பட ஏறத்தாழ மூவாயிரம் பேர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் மீளச் சில ஆண்டுகள் ஆயின. அதன்பின் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். கோயில்கள் நிற்கின்றன, விளக்கேற்றுவோர் தொகை குறைந்துவிட்டது. எஞ்சியோர் தாங்ராவில் காளிக்கும் கோயில் எடுத்து, நூடுல்ஸ் பிரசாதம் படைத்து, வங்காளிகளோடு கூடி வணங்குகிறார்கள்.

தாய்நாட்டிலும் அக்கோயில்கள் அல்லலுற்றன. 1928-இல் தேசியவாத அரசு, எந்தக் கோயில் நிற்கலாம், எது நீங்க வேண்டும் என்று விதி வகுத்தது. 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் பத்தாண்டுகளில் எண்ணற்ற ஆலயங்கள் இடிந்தன. 1970-களின் இறுதிக்குப்பின் கட்டுப்பாடு தளர்ந்ததும், ஃபூஜியன் கோயில்களை மீண்டும் எழுப்பப் பெரும் பணம் வந்தது எங்கிருந்து? சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்தான். சாம்பல் வாங்கிச் சென்ற கிளை, தாய்க்கு மீண்டும் தீ கொடுத்தது.

நமக்கு என்ன?

நாம் வாழும் ஹைதராபாத்தும் இத்தகைய கதையை அறியும். ஆஷாட மாதத்தில் போனாலு விழா கண்டிராத நாச்சாரத் தமிழர் இருக்க முடியாது. செகந்திராபாத்தின் உஜ்ஜயினி மகாங்காளி கோயில் எவ்வாறு எழுந்தது? சூரிட்டி அப்பய்யா என்ற படைப்பிரிவின் டோலி சுமப்பவர், 1813-இல் உஜ்ஜயினிக்கு மாற்றலாகிச் சென்றார். ஊரில் காலரா பரவியது என்ற செய்தி கேட்டு, அங்குள்ள அன்னையை வேண்டிக்கொண்டார். திரும்பியதும் 1815-இல் மரத்தாலான திருமேனியை இங்கே நிறுவினார் என்பது மரபு. பெரும் நகரம் கொண்டாடும் விழா, பிழைக்கப் போன சுமைகூலி ஒருவரின் வேண்டுதலில் பிறந்தது!

குவான்சோவின் சிவன் கோயிலும், கல்கத்தாவின் சீனக் கோயில்களும், சிங்கப்பூரின் மாசூ ஆலயமும் கூறும் பாடம் ஒன்றே. கட்டடம் ஒரு கூட்டத்தைக் காப்பதில்லை; ஒருவருக்கொருவர் செய்யும் பணியே அதைக் காக்கிறது. பணி நின்றால் தூண்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விடும். காலம் பகையாகி மக்களைப் பெயர்த்தெறிவதும் உண்டு. அதைத் தடுக்கும் ஆற்றல் கோயிலுக்கில்லை. ஆனால் சேர்ந்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்தோமா என்ற கேள்விக்கு நாமே பொறுப்பு.

ஆகவே, சில வினாக்களை நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, தெலுங்கில் ஒரு சொல்லும் அறியாமல் நாளை வந்திறங்கும் இளைஞன், முதல் இரவு எங்கே தலை சாய்ப்பான்? உறவினர் வந்து சேருமுன் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், பாடை சுமக்க நான்கு தோள்கள் வருமா? நம் பிள்ளைகள் தமிழைப் பேசுவதோடு படிக்கவும் எழுதவும் எந்த நாளில், எந்தத் திண்ணையில் கற்பார்கள்? விழாவுக்குத் திரட்டிய பணத்தின் வரவும் செலவும் எல்லாரும் காணும் சுவரில் எழுதப்படுகிறதா? பண்டிகையின்போது அடுத்த வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துக்கும் நம் பந்தியில் இலை விழுகிறதா?

இவற்றுக்கு ‘ஆம்’ என்று விடை சொல்ல முடியுமானால், நாச்சாரத்தில் நாம் இட்ட பிடிமண் வேர் பிடித்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். ‘இல்லை’ என்பது விடையானால், அடுத்த கூட்டத்தில் முதலில் பேச வேண்டிய பொருள் எது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது.